சிறுமலரின் தாயும் மூன்றாவது மகளும்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை எனலாம். பாடுபட்ட சுரூபத்தையும் ரோசாப் பூக்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அந்த இளங் கன்னியின் படம் எத்தனையோ வீடுகளின் சுவரை அலங்கரிக்கிறது. ஆனால் அவரைப் பெற்ற தாயைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவு. அந்தத் தாய்க்குத் தெரேசாவைத் தவிர வேறு மகள்மாரும் இருந்தனர் என்பதும், அவர்களில் ஒருத்தி அத்தாய்க்குப் பெரும் வேதனையாக இருந்தாள் என்பதும் இன்னும் குறைவாகவே தெரிந்தவை.

தாயின் பெயர் ஸெலி மார்ட்டின். 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, கணவர் லூயியோடு ஒன்றாக, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் உரோமையில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர். புனிதை என்றவுடன், பிள்ளை வளர்ப்பில் தவறே விடாத ஒரு தாயை நீங்கள் மனதில் வரைந்துகொள்ள வேண்டாம். தம் வீட்டுக்குள்ளேயே, தம் கண் முன்னாலேயே நடந்ததைப் பல காலம் அறியாதிருந்த தாய் அவர். அறிந்தபோது அவருக்கு எஞ்சியிருந்தவை ஆறு மாதங்கள்கூட இல்லை.

1831ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் நோர்மண்டிப் பகுதியில் ஸெலி பிறந்தார். தகப்பனார் முன்னாள் போர்வீரர். தாயார் கடவுள் பக்தி மிக்கவர். ஆனால் கண்டிப்பு நிறைந்தவர். கடைசியாகப் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கிடைத்த செல்லம் ஸெலிக்குக் கிடைக்கவில்லை. விளையாட ஒரு பொம்மைகூட அவருக்கு இருந்ததில்லை. தம் இளமைக் காலம் துக்கமானதாகவே கழிந்தது என்று பின்னாளில் தம் தம்பிக்கு எழுதினார். அன்புக்கு ஏங்கி வளர்ந்த பிள்ளை அவர் என்பதை, இனி வரப்போவதைப் படிக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். மடத்துத் தலைவி ஏற்கவில்லை. அப்படியானால் எனக்கு நிறையப் பிள்ளைகளைத் தாரும், அவர்கள் எல்லோரும் உமக்கே உரியவர்கள் ஆகட்டும் என்று இறைவனை வேண்டிக்கொண்டு, ரேந்தை பின்னும் தொழிலைக் கற்றார். அலன்சோன் நகரத்து ரேந்தை அக்காலத்தில் ஐரோப்பா எங்கும் பெயர்பெற்றது. துணியின்றி, ஊசியும் நூலும் மட்டுமே கொண்டு, மயிரிழை போன்ற நூலால் வேலை செய்வார்கள். வேலைக்காரப் பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்து சிறு சிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைகளில் ஸெலியிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அத்துண்டுகளைத் தையல் தெரியாதபடி ஒன்றாகப் பொருத்துவதே ஸெலியின் கைவேலை. எல்லாவற்றிலும் நுட்பமான வேலை அதுதான். இருபத்திரண்டு வயதுக்குள் சொந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

1858ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி, மணிக்கூடு செய்யும் தொழில் செய்துவந்த லூயி மார்ட்டினை மணந்தார். லூயியும் ஒரு காலத்தில் துறவியாக விரும்பி, இலத்தீன் படிப்புக் குறைவால் திருப்பி அனுப்பப்பட்டவர். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நால்வரைச் சிறு வயதிலேயே சாவு கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் ஐந்து பெண் பிள்ளைகள்: மரி, பொலின், லெயோனி, செலின், தெரேசா.

இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். மரியும் பொலினும் ஒன்றரை வயது இடைவெளியில் பிறந்தவர்கள். ஒன்றாகவே விடுதிப் பாடசாலைக்குச் சென்றவர்கள். செலினும் தெரேசாவும் இளையவர்கள். பிரிக்க முடியாத சோடி. நடுவில் லெயோனி. அவளுக்கும் ஒரு சோடி இருந்தது; அவளுக்கு அடுத்துப் பிறந்த எலேன் என்னும் தங்கை. 1870ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஐந்து வயதில், எலேன் இறந்துபோனாள். லெயோனிக்கு அப்போது வயது ஆறு. அன்று முதல் நிறைந்த வீட்டில் அவள் தனியள். இதை அவ்வீட்டில் எவரும் அன்று கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், உயிரோடிருக்கும் பிள்ளையின் துக்கத்தை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

1863ஆம் ஆண்டு யூன் 3ஆம் திகதி பிறந்த லெயோனி, பிறந்த நாளிலிருந்தே நோயாளி. குக்கல் இருமல், சின்னமுத்து, வலிப்பு, உடலெங்கும் கரப்பன் என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. படிப்பு ஏறவில்லை. சொல்வழி கேட்கமாட்டாள். எதைச் செய்யாதே என்றார்களோ அதையே செய்வாள். ஸெலியின் தமக்கையார் லெ மான் நகரில் மினவுதல் சபைக் கன்னியராக இருந்தார். அச்சபையின் விடுதிப் பாடசாலையில்தான் மூத்த பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்தார்கள். லெயோனியையும் அங்கு அனுப்பினார்கள். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டாள். மீண்டும் முயன்றார்கள். 1874இல் இரண்டாம் முறையும் வீடு வந்து சேர்ந்தாள். சொந்தப் பெரியம்மாவாலேயே வைத்துக்கொள்ள முடியாத பிள்ளை என்ற பெயர் அவளுக்கு ஏற்பட்டுவிட்டது.

ஸெலி எழுதிய கடிதங்கள் இருநூறுக்கு மேல் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு வேறுபாடு நன்றாகத் தெரியும். பொலினுக்கு எழுதும்போது, விடுதியில் இருக்கும் மகளுக்கு எழுதுவது போலன்றி மனமொத்த தோழிக்கு எழுதுவது போல எழுதுகிறார். தொழிலின் கவலை, வீட்டுச் செய்தி, தம் சோர்வு, சிரிப்பு எல்லாம் அங்கே கொட்டப்படுகின்றன. ஆனால் லெயோனி அக்கடிதங்களில் எவரோடும் பேசுவதில்லை. அவளைப் பற்றித்தான் பேசப்படுகிறது. நல்ல இதயம் உள்ள பிள்ளைதான், ஆனாலும் இவளை என்ன செய்வதென்றே தெரியவில்லை என்பது அவற்றின் சாரம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோடு கதைப்பதும், மற்றப் பிள்ளையைப் பற்றிப் பிறரிடம் கதைப்பதும் நடக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஸெலி அன்பில்லாதவர் அல்லர். கணவனும் மனைவியும் காலை ஐந்தரை மணிப் பூசைக்குத் தினமும் செல்வார்கள். பிறகு இரவு நெடுநேரம்வரை ரேந்தை வேலை. வேலைக்காரப் பெண்களின் கூலி, பாரிசுக்கு அனுப்பவேண்டிய சரக்கு, நோயில் விழும் பிள்ளைகள் என்று ஒரு நாளும் ஓய்வு இல்லை. லூயி 1870இல் தம் மணிக்கூட்டுக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக நின்றார். அதற்காக அடிக்கடி வெளியூர் போகவும் நேர்ந்தது. நன்றாக உழைக்கும், நன்றாகச் செபிக்கும் குடும்பம். ஆகையால் அடங்காத பிள்ளையைக் கவனிப்பதில் பெரும்பங்கு, வீட்டு வேலைக்கு நின்ற பெண்ணின் கைக்குப் போய்விட்டது. சிறு வயதில் வந்து, பல ஆண்டுகள் அவ்வீட்டில் இருந்தவள் அவள். வீட்டாரின் முழு நம்பிக்கைக்கும் உரியவள். லெயோனி அவள் சொல்லுக்கு மட்டும் அடங்கினாள். தாயின் சொல்லைக் கேளாதவள், வேலைக்காரியின் ஒரு பார்வைக்கு எழுந்து ஓடினாள். தாய்க்கு அது புதிராக இருந்தது. ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்திருக்கக் கூடும். யாருக்காவது அடங்குகிறாளே!

1876ஆம் ஆண்டின் இறுதியில் ஸெலியின் மார்பில் நெடுங்காலமாக இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். அதே நாட்களில் லெ மானில் கன்னியரான தமக்கையாரும் காசநோயால் மரணப் படுக்கையில் இருந்தார். 1877 சனவரியில் ஸெலி அவரைக் கடைசியாகச் சென்று கண்டார். அப்போது தமக்கையிடம் ஒரு தூது சொல்லி விட்டார். மோட்சம் போனதும் தேவமாதாவைத் தேடிப் பிடித்து, என் தங்கைக்கு இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்து நல்ல விளையாட்டு விளையாடினீர், அவள் கேட்டது இந்த மாதிரிப் பிள்ளையை அல்லவே, இனி நீரே இதைச் சரிப்படுத்தும் என்று சொல்லவேண்டும் என்பதே அத்தூது. சாகப்போகும் தமக்கையும் நோயுற்ற தங்கையும் இப்படிப் பேசிக்கொண்டார்கள்.

அதே மாதத்தில் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. லெயோனி, ஒருவரும் தூண்டாமல், பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். மோட்சத்துக்குப் போனதும் எனக்கு மனந்திரும்பும் வரத்தையும், உண்மையான துறவியாகும் அழைத்தலையும் இறைவனிடம் கேட்டுத் தாருங்கள் என்பதே அதில் இருந்த வேண்டுகோள். கடிதத்தைப் படித்த தாய் திகைத்துப்போனார். இப்படி ஒரு எண்ணத்தை அவள் மனதில் நான் போடவில்லையே, எங்கிருந்து வந்தது என்று வியந்தார். அதென்ன உண்மையான துறவி என்று மூத்தவள் மரி கேட்டாள். முழுக்க நல்ல துறவியாக வேண்டும் என்பதுதான் பொருள் என்று தங்கை விளக்கினாள்.

பதின்மூன்று வயது நிறைந்த மகள். பிடிவாதக்காரி, படிப்பில்லாதவள் என்று வீடு முழுவதும் முடிவு கட்டியிருந்த பிள்ளை. அவளுக்குள்ளே இவ்வளவு ஆழமான ஆசை இருந்ததை அவளைப் பெற்றவளே அறியவில்லை. அக்கடிதம் தாயின் கண்களைப் பாதி திறந்துவிட்டது எனலாம். தமக்கையார் பெப்ரவரி 24ஆம் திகதி இறந்தார்.

மற்றப் பாதியைத் திறந்தவள் மரி. அவளுக்கு அப்போது வயது பதினேழு. படிப்பு முடித்து வீட்டில் இருந்தாள். வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணின் கண்ணுக்குப் படும் சில காரியங்கள், தொழிலில் மூழ்கியிருக்கும் தாயின் கண்ணுக்குப் படுவதில்லை. அந்த மார்ச் மாதத்தில், லெயோனி வேலைக்காரிக்கு அடங்குவதன் இரகசியத்தை மரி கண்டுபிடித்தாள். அது பயம். தாய் பாராத வேளைகளில் அவளை மிரட்டி, அடித்து, தன் ஏவலுக்கு ஆட்டிவைத்திருக்கிறாள் அந்தப் பெண். தாயிடம் சொன்னால் இன்னும் கடுமையான தண்டனை என்று வாயையும் கட்டிவைத்திருக்கிறாள். தாயோடு ஒட்டாமல், தாயின் சொல்லுக்கு மாறாகவே அவள் நடந்ததன் காரணம் இப்போது விளங்கிற்று. பல காலமாக ஒரே கூரையின் கீழ், தாய் ரேந்தை பின்னும் அறைக்குச் சில அடி தூரத்தில், இது நடந்திருக்கிறது.

ஸெலியின் நிலையை உங்களால் உணர முடிகிறதா? அவர் தம்மை நியாயப்படுத்த முயலவில்லை. மகள்மீதும் பழி போடவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்ததாகவும் தெரியவில்லை. வேலைக்காரியை வெளியே அனுப்பத் தீர்மானித்தார். அவள் அழுது கெஞ்சியதால், கடைசியில் வீட்டில் இருக்க இடம் கொடுத்தார். ஆனால் லெயோனியோடு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று கட்டளையிட்டார். முரட்டுத்தனம் எவரையும் திருத்தியதில்லை, அடிமைகளைத்தான் ஆக்குகிறது, என் பிள்ளைக்கும் அதுவே நேர்ந்தது என்ற கருத்தை பொலினுக்கு எழுதினார். அவரே கண்டிப்பான தாயிடம் வளர்ந்தவர் அல்லவா? அந்த வார்த்தைகளின் சுமை அவருக்குத் தெரியும்.

வேலைக்காரியை அவர் வீட்டில் தொடர்ந்து வைத்திருந்தது சரியா என்று சிலர் கேட்கலாம். எனக்கும் அது முழுமனதாக ஏற்புடையதன்று. பயந்து வாழ்ந்த பிள்ளை, பயமுறுத்தியவளின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியிருந்தது. ஆனால் அடுத்து ஸெலி செய்ததில் குறை காண முடியவில்லை. எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

அவர் புதிதாக எதையும் செய்யவில்லை; அவளைத் தம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். சேர்ந்து செபித்தார். வேலை செய்யும்போது அவளும் பக்கத்தில் இருந்து வேலை செய்வாள். ஆரம்பத்தில் வாய் திறக்கத் தயங்கிய பெண், சில நாட்களிலேயே தாயை விட்டு நகர மறுத்தாள். பிடிவாதக்காரி என்று பெயரெடுத்தவள், தாய் சொன்னவற்றை ஓடி ஓடிச் செய்தாள். ஒரு நாளில் எத்தனையோ தடவை வந்து கட்டிப் பிடித்து முத்தமிட்டாள். எல்லாக் குணமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இடையிடையே பழைய முரண்டும் தலைகாட்டியது. ஆனால் இப்போது தாய் அதைக் கண்டு கலங்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதே.

அதுவரை சாவைப் பற்றி அமைதியாகவே எழுதிவந்த ஸெலி, இப்போது வாழ ஆசைப்பட்டார். மூத்தவர்கள் தம்மைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னவர்களை மூத்தவர்கள் பார்ப்பார்கள். நான் போய்விட்டால் லெயோனியை யார் நேசிப்பார்கள்? இதுவே அவருடைய கவலை. அவளுக்காகவே லூர்து நகருக்குப் போகத் தீர்மானித்தார்.

1877 யூன் மாதத்தில் மரி, பொலின், லெயோனி மூவரையும் கூட்டிக்கொண்டு யாத்திரை போனார். நீண்ட புகைவண்டிப் பயணம். சாகும் நிலையில் இருந்த தாய், மூன்று குமர்ப் பிள்ளைகள். போகும் வழியெல்லாம் இடைஞ்சல்கள். இறந்துபோன தமக்கையின் நினைவாக வைத்திருந்த செபமாலை தொலைந்துபோயிற்று. தடுக்கி விழுந்து கழுத்திலும் வேதனை உண்டாயிற்று. குளிர்ந்த தீர்த்தத் தடாகத்தில் நான்கு தடவை இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. அற்புதத்தை எதிர்பார்த்துப் போன பிள்ளைகள் முகம் வாடித் திரும்பினார்கள்; அவர்களைத் தேற்றியவர் நோயாளியான தாய்தான். அலன்சோனில் புகைவண்டி நிலையத்துக்கு வந்த லூயி, தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக, மனைவி உற்சாகமாக இறங்குவதைக் கண்டு வியந்தார்.

கேட்ட வரம் கிடைக்காத இந்த யாத்திரையைப் புனிதர் வரலாறுகள் சில விரைவாகக் கடந்துபோகின்றன. எனக்கோ அதுவே பெரிதாகப் படுகிறது. தமக்காகத் தாய் இத்தனை பாடுபட்டதை லெயோனி கூடவே இருந்து பார்த்தாள். நேசிக்கப்படுகிறோம் என்பதைச் சொல்லித்தான் அவள் அறியவேண்டும் என்ற நிலை அதன்பின் இருக்கவில்லை.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் ஸெலி இறந்தார். வயது நாற்பத்தைந்து. இறுதிச் சடங்கு முடிந்த அன்று, தாயற்ற பிள்ளைகள் என்று யாரோ பரிதாபப்பட்டபோது, செலின் ஓடிப்போய் மரியைக் கட்டிக்கொண்டு, இனி நீயே என் அம்மா என்றாள். நான்கரை வயதுத் தெரேசா பொலினிடம் ஓடினாள். பிற்காலத்தில் இதைத் தம் சரிதையில் தெரேசா அழகாக எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியில் லெயோனிக்கு இடமில்லை. தாய் அஞ்சியது அதே நாளில் நடந்துவிட்டது போலிருக்கிறது.

பிறகு குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தகப்பன் லூயி மகள்மாருக்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்: மரி வைரம், பொலின் நன்முத்து, செலின் அஞ்சாதவள், தெரேசா சின்ன ராணி. லெயோனிக்கு அவர் வைத்த பெயர், நல்ல லெயோனி. மற்றப் பெயர்களின் பக்கத்தில் இது எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்ட பிள்ளை என்று பெயரெடுத்த ஒருத்திக்குத் தகப்பன் வாயிலிருந்து தினமும் இந்தப் பெயரைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம்!

லெயோனியின் வழி அதன்பிறகும் மேடு பள்ளமாகவே இருந்தது. 1886 ஒக்டோபரில், குடும்பத்தோடு அலன்சோன் போயிருந்த இடத்தில், எவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், தாய் நெருங்கிப் பழகிய புனித கிளாரா சபை மடத்துக்குள் போய்விட்டாள். சகோதரிகள் அதிர்ந்தார்கள். தகப்பன் கோபிக்கவில்லை, அவளுக்காகப் பரிந்து பேசினார். இரண்டு மாதத்தில் உடல்நிலை இடங்கொடாமல் திரும்பினாள். 1887இல் கான் நகரத்து மினவுதல் மடம். ஆறு மாதத்தில் திரும்பினாள். 1893இல் அதே மடம். இரண்டு ஆண்டுகளில் மறுபடியும் வீடு. மூன்று முறை பெட்டியோடு வீட்டுக்கு வந்த பெண்ணை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆனால் அவள் வந்தபோதெல்லாம் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. தகப்பனார் 1894இல் இறந்தபின் மாமன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கார்மேல் மடத்திலிருந்து தெரேசாவின் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன.

தெரேசா 1897இல் இறந்தார். 1899ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி லெயோனி நான்காம் முறையாக மடத்து வாசலைத் தாண்டினாள். இம்முறை திரும்பவில்லை. பிரான்சுவாஸ் தெரேசா என்னும் பெயரோடு, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, 1941 யூன் மாதத்தில் எழுபத்தெட்டு வயதில் கண்ணை மூடினார்.

2015ஆம் ஆண்டு யூலையில், அருட்சகோதரி பிரான்சுவாஸ் தெரேசாவைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான ஆய்வு மறைமாவட்ட மட்டத்தில் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து அவருடைய தாய் உரோமையில் புனிதை ஆனார். கான் நகரத்து மடத்தில் உள்ள லெயோனியின் கல்லறைக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். தங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் குறித்து என்ன செய்வதென்று தெரியாத பெற்றோரும் அவர்களில் உண்டு.